காதுக்குள்ளே ஓடும் மோட்டார்
(அறிவியல் மன்ற மாணவியர்)

இக்கட்டுரையைப் படிக்கும் தோழியர் யாவரும் முதலில் ஒரு சிறு சோதனையைச் செய்து பார்க்க வேண்டுகிறோம். ஓசை அடங்கிய ஓர் அறையில் அமர்ந்து, இரு கட்டை விரல்களாலும் காதுத் துளைகளை மெல்ல அடைத்துக்கொள்ளுங்கள். முழங்கைகளைத் தூக்கி, கைகளைச் சற்று இறுக்குங்கள். எங்கோ தொலைவில் லாரி ஒன்று மேடேறுவது போல ஒரு தாழ்ந்த முழக்கம் கேட்கும். கைகளைத் தளர்த்தினால் அது குறையும். மீண்டும் இறுக்கினால் கூடும். எங்கள் மன்றக் கூட்டத்தில் இதைச் செய்தபோது ஒருத்தி மட்டும் “எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே” என்றாள். முழங்கையைத் தூக்கச் சொன்னதும் அவளுக்கும் கேட்டுவிட்டது.

அது வெளியிலிருந்து வரும் ஒலியன்று. நம் கைத்தசைகள் சுருங்கும்போது உண்டாகும் நுண்ணிய அதிர்வு எலும்பு வழியாகக் காதை அடைகிறது. இதைக் கவனித்து எழுதி வைத்தவர் கிரிமால்டி என்னும் இத்தாலி நாட்டு இயேசு சபைக் குரு. ஒளி விளிம்பில் வளைந்து செல்வதைக் கண்டறிந்தவர் என்று இயற்பியலில் பேசப்படும் அதே கிரிமால்டிதான். அவர் மறைந்த பின் 1665-இல் அச்சான அவரது நூலில் இச்செய்தி இருக்கிறது. பிற்பாடு 1810-இல் வொல்லாஸ்டன் என்னும் ஆங்கில அறிஞர், லண்டன் நகரின் கல் பாவிய தெருக்களில் வண்டிகள் உருளும் ஓசையோடு இதை ஒப்பிட்டு, நொடிக்கு ஏறக்குறைய 20 முதல் 30 அதிர்வுகள் இருக்கலாம் என்று கணக்கிட்டார். மனிதக் காது கேட்கக்கூடிய ஒலியின் கீழ் எல்லை 20 ஹெர்ட்ஸ் என்று படித்திருக்கிறோம் அல்லவா? அந்த எல்லையின் ஓரத்திலேயே நம் உடம்பு ஓயாமல் முனகிக்கொண்டிருக்கிறது. நாம்தான் கேட்பதில்லை.

இனி, விரலை எடுத்த பிறகும் அந்த முழக்கம் நிற்காமல் இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதுவே இக்கட்டுரையின் பொருள்.

வெளியில் ஒலி எதுவும் இல்லாதபோதும் காதில் ஒலி கேட்பதைக் காதிரைச்சல் என்கிறோம். மருத்துவர்கள் டின்னிட்டஸ் என்பார்கள். மணி போல ஒலித்தல் என்று பொருள்படும் லத்தீன் வினைச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. புனித பவுல் அன்பைப் பற்றி எழுதிய இடத்தில் வரும் கைத்தாளத்துக்கு லத்தீன் விவிலியத்தில் அமைந்த அடைமொழியும் இதே வேரிலிருந்து வந்ததுதான் என்று அருட்சகோதரி ஒருவர் எங்களுக்கு எடுத்துக் காட்டினார். ஆனால் பெயரில் மணி இருந்தாலும் எல்லோருக்கும் மணியோசை கேட்பதில்லை. பெரும்பாலோருக்குச் சில்வண்டு கத்துவது போலவோ, குக்கரில் ஆவி சீறுவது போலவோ உயர்ந்த ஒலி கேட்கும். சிலருக்கு மட்டும் “உம்ம்ம்” என்று மோட்டார் ஓடுவது போல, மின்மாற்றி முனகுவது போலத் தாழ்ந்த ஒலி கேட்கும். இந்த இரண்டாம் வகையோடு வாழ்வது தனித் தொல்லை. ஏனென்று பிறகு சொல்கிறோம்.

உலகில் வயது வந்தோரில் ஏறத்தாழ 14 விழுக்காட்டினர், அதாவது 74 கோடிப் பேர், ஏதோ ஒரு வகைக் காதிரைச்சலை அறிந்தவர்கள் என்று 2022-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. அவர்களுள் 12 கோடிப் பேருக்கு அது கடுந்தொல்லை. நம் கோவை மாவட்டத்தில் தனியாக ஒரு கணக்கெடுத்தால் எவ்வளவு வருமோ! ஏனெனில் நம் ஊர் இரைச்சலில் வளர்ந்த ஊர். 1888-இல் ஸ்டேன்ஸ் துரை நூற்பாலை தொடங்கினார். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைச் சங்கு ஊதுவதைக் கேட்டே அடுப்புப் பற்ற வைத்த வீடுகள் சிங்காநல்லூரிலும் பீளமேட்டிலும் இருந்தன என்று பாட்டிமார் சொல்வார்கள். சோமனூர், பல்லடம் பக்கம் போனால் இன்றும் தெருவெல்லாம் தறிச்சத்தம். விசைத்தறிக் கூடத்துக்குள் ஒலி 90 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அங்கே இரண்டு பேர் பேசுவதை வெளியாள் பார்த்தால் சண்டை போடுகிறார்கள் என்றே நினைப்பார். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை, அறிவிக்கப்பட வேண்டிய தொழில் நோய்களுள் ஒன்றாக 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமே பட்டியலில் வைத்திருந்தது. பட்டியலில் இருந்தது, காதடைப்பான் எத்தனை காதுகளில் இருந்தது என்பது வேறு விஷயம்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் அப்பாரு (கொங்குப் பகுதிக்கு வெளியே இருந்து வந்து படிக்கும் தோழியருக்காக: அப்பாவின் அப்பா) நூற்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது சூலூருக்கு அப்பால் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறார். அவர் அனுமதியோடு அவர் கதையை இங்கே எழுதுகிறோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் இரவு, பக்கத்துத் தோட்டத்துப் போர் மோட்டார் ஓடும் சத்தம் அவருக்குக் கேட்டது. மறுநாளும் கேட்டது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க மாப்பிள்ளை, ராத்திரி முச்சூடும் மோட்டாரை ஓட்டுனா மனுசன் எப்படித் தூங்கறதுங்க?” என்று கேட்டார். “இல்லீங்க மாமா, ராத்திரியில நாங்க ஓட்டறதே இல்லீங்க” என்று அவர் சொன்னதை இவர் நம்பவில்லை. நள்ளிரவில் டார்ச் விளக்கோடு வரப்பேறிப் போய் மோட்டார் அறைச் சுவரில் காதை வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு முறை அந்த வீட்டுக்காரரே எழுந்து வந்து, அவர் கண்ணெதிரில் பியூஸ் கட்டையைப் பிடுங்கிக் கையில் கொடுத்தார். அப்போதும் சத்தம் நிற்கவில்லை. ஆகவே மோட்டார் வேறு எங்கோ ஓடுகிறது, தன்னை ஏமாற்றுகிறார்கள் என்றே எண்ணினார். தலைமுறையாகப் பழகிய இரண்டு குடும்பங்கள் ஏழெட்டு மாதம் பேசிக்கொள்ளாமல் இருந்தன. தூக்கம் கெட்டு, சாப்பாடு குறைந்து, எரிச்சல் மிகுந்து போயிற்று. செய்வினை என்று சிலர் சொல்ல, மணிக்கட்டில் கயிறும் ஏறியது. “மனசு பேதலிச்சுப் போச்சோன்னு பயந்து போனேன் கண்ணு” என்று அப்பத்தா எங்களிடம் சொன்னார்கள். வெளியில் யாரிடமும் அவர்கள் அதைச் சொல்லவில்லை.

உண்மை தெரிந்தது வால்பாறையில். மகள் வீட்டுக்கு நான்கு நாள் போயிருந்தார்கள். தேயிலைத் தோட்டம், குளிர், நிசப்தம். கிணறும் இல்லை, மோட்டாரும் இல்லை. படுத்த சிறிது நேரத்தில் சாளையில் கேட்ட அதே மோட்டார் அங்கேயும் ஓடத் தொடங்கியது. அப்பாரு எழுந்து உட்கார்ந்து வெகுநேரம் ஒன்றும் பேசவில்லையாம்.

அவர் அறிவில்லாமல் பக்கத்து வீட்டாரைச் சந்தேகித்தார் என்று யாரும் எண்ணவேண்டாம். தாழ்ந்த ஒலியின் இயல்பே அப்படிப்பட்டது. நம் நாட்டில் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி உடையது. மின்மாற்றியின் இரும்புள்ளகம் ஒவ்வொரு சுழற்சியிலும் இரு முறை நுட்பமாக விரிந்து சுருங்குவதால் 100 ஹெர்ட்ஸில் முனகுகிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும். ஆகவே அந்த முனகலின் அலைநீளம் 3.4 மீட்டர், ஏறக்குறைய 11 அடி. சில்வண்டின் 4000 ஹெர்ட்ஸ் ஒலிக்கோ வெறும் 8.5 சென்டிமீட்டர். உயர்ந்த ஒலியை நம் தலையே மறைத்துவிடும். ஒரு காதில் கூடுதலாகவும் மறு காதில் குறைவாகவும் கேட்பதால் அது வரும் திசை தெரிகிறது. 11 அடி நீள அலைக்கு நம் தலை ஒரு பொருட்டே அல்ல. இரு காதிலும் ஒரே அளவாக விழும். எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லுவது கடினம். சுவரும் அதை நன்றாகத் தடுப்பதில்லை. தொலைவில் திருவிழாப் பாட்டு நடக்கும்போது சொற்கள் கேட்காமல் ‘தும் தும்’ மட்டும் வீட்டுக்குள் வருகிறதே, அதுபோல. எனவே திசை தெரியாத முனகல் ஒன்று கேட்டால், அது வெளியில்தான் இருக்கிறது என்று எண்ணுவதே மனித இயல்பு.

சில வேளை அது உண்மையிலேயே வெளியில் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். 1970-களில் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தார் பலர் இரவில் முனகல் கேட்பதாகச் சொன்னார்கள். அமெரிக்காவில் கொகோமோ என்னும் ஊரில் இப்படிப் புகார் எழுந்து 2003-இல் ஆராய்ந்தபோது, ஒரு தொழிற்சாலையின் குளிர்விப்புக் கோபுர விசிறி 36 ஹெர்ட்ஸிலும், மற்றொன்றின் காற்றழுத்தப் பொறி 10 ஹெர்ட்ஸிலும் அதிர்வதைக் கண்டுபிடித்தார்கள். அவற்றைச் சரி செய்த பிறகும் சிலர் தங்களுக்குக் கேட்பது நிற்கவில்லை என்றே கூறினர்! கனடாவின் விண்ட்சர் நகரில் 2011 முதல் கேட்ட முனகல், ஆற்றின் எதிர்க்கரையிலிருந்த எஃகு உலை 2020-இல் மூடப்பட்டதும் அடங்கியது. நம் பக்கத்திலும் தறிக்கூடத்துக்கு ஒட்டிய வீடு, பல்லடம், உடுமலை வட்டாரத்துக் காற்றாலைகளுக்கு அருகிலுள்ள சாளை என்று உண்மையான காரணங்கள் இருக்கக் கூடும். ஆகவே ஒருவர் சொன்னவுடன் “பிரமை” என்று ஒதுக்குவது முறையன்று. வீட்டில் மற்றவர்க்கும் கேட்கிறதா என்று பார்க்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்க்கலாம். எல்லாவற்றையும் விட நல்ல சோதனை, வேறு ஊரில் ஓரிரவு தங்குவது. ஒலி ஊர் மாறியும் கூடவே வந்தால் அது காதிலிருந்து வருவது. செல்போனில் பதிவு செய்து பார்ப்பதில் பயனில்லை. அதன் ஒலிவாங்கி மிகத் தாழ்ந்த ஒலிகளைச் சரியாகப் பிடிக்காது.

வால்பாறையிலிருந்து இறங்கிய பின் அப்பாருவை ஒரு காது மருத்துவரிடம் அழைத்துச் சென்றார்கள். மருத்துவர் முதலில் காதுக்குள் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று பார்த்தார். செவிப்பறை மீது குறும்பி ஒட்டிக்கொண்டாலே சிலருக்கு முனகல் கேட்கும், எடுத்துவிட்டால் தீர்ந்துபோகும். அது இல்லை. இசைக்கவையை அதிரச் செய்து நெற்றியிலும் காதின் பின்புற எலும்பிலும் வைத்துச் சோதித்தார். பிறகு செவித்திறன் வரைபடம் எடுத்தார்கள். அதில் இரண்டு பள்ளங்கள் தெரிந்தன. இரு காதிலும் 4000 ஹெர்ட்ஸ் அருகே ஒரு பள்ளம். இது ஆலை கொடுத்த பரிசு. இரைச்சலால் கெடும் காது முதலில் கெடுவது அந்த இடத்தில்தான். ஆனால் அந்தக் கேடு பெரும்பாலும் சில்வண்டு ஒலியைத்தான் தரும். இடக் காதில் மட்டும் 250, 500 ஹெர்ட்ஸில் இன்னொரு பள்ளம். “தலைசுற்றல் வருவதுண்டா?” என்று மருத்துவர் கேட்டார். “அது பித்தமுங்க. எப்பவாச்சும் வரும். எலுமிச்சம்பழம் மோந்தாச் சரியாப் போயிருமுங்க” என்றார் அப்பாரு. எப்பவாச்சும் என்றவரைக் கிளறிக் கேட்டதில், இரண்டு மூன்று மணி நேரம் வீடே சுற்றி, வாந்தியெடுத்துப் படுத்த நாட்கள் வெளிவந்தன. அந்த நாட்களில் காது அடைத்தாற்போல் இருந்ததும் மோட்டார் சத்தம் மிகுந்ததும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

இது மெனியர் நோய். 1861-இல் பாரிஸ் நகர மருத்துவர் பிராஸ்பர் மெனியர், இத்தகைய தலைசுற்றல் மூளையிலிருந்து வருவதன்று, உட்செவியிலிருந்து வருவது என்று எடுத்துக்காட்டினார். நமது காக்ளியா நத்தைக்கூடு போல இரண்டரைச் சுற்று சுருண்டது. அதன் அடிப்பகுதி உயர்ந்த ஒலிகளையும் நுனிப்பகுதி தாழ்ந்த ஒலிகளையும் வாங்கிக்கொள்கின்றன. காக்ளியாவுக்குள் ஒலியலை எவ்வாறு பரவுகிறது என்பதை ஆராய்ந்து காட்டியதற்காக பெக்கெசி 1961-இல் நோபல் பரிசு பெற்றார். மெனியர் நோயில் உட்செவியின் உள்நீர் மிகுந்து அழுத்தம் கூடுகிறது. தொடக்கத்தில் பாதிக்கப்படுவது தாழ்ந்த ஒலிகளைக் கேட்கும் திறன். தாழ்ந்த முழக்கத்துக்கு இது ஒன்றே காரணம் என்று கொள்ளக் கூடாது. நடுச்செவி எலும்பு இறுகிப் போதல், நடுச்செவித் தசையின் துடிப்பு, காதருகே ஓடும் இரத்தக் குழாயின் ஓசை ஆகியவையும் உண்டு. சில மருந்துகளும் காதை இரைய வைக்கும். வால்பாறை அருகே சின்கோனா என்றே ஓர் ஊர் இருக்கிறது. மலேரியாவுக்குக் கொயினா மருந்து தரும் மரத்தின் பெயர். கொயினா மிகுதியாக உண்டவர்களுக்குக் காது இரையும் என்பது பழைய மருத்துவர்கள் நன்கறிந்த செய்தி.

காதில் குறை இருந்தால் ஒலி குறையத்தானே வேண்டும், கூடுவானேன்? எங்கள் மன்றத்தில் வெகுநேரம் விவாதித்த கேள்வி இது. பழைய வால்வு ரேடியோவை நினைத்துப் பார்த்தால் விளங்கும். நிலையம் சரியாகக் கிடைக்காதபோது ஒலியைக் கூட்டுகிறோம். பாட்டு வருவதற்குப் பதில் கரகரப்புதான் கூடுகிறது. காதிலிருந்து வரும் செய்தி குறையும்போது மூளையும் அவ்வாறே ஒலியைக் கூட்டி வைக்கிறது என்று அறிஞர்கள் கருதுகின்றனர். 1953-இல் அமெரிக்காவில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இருவர் நல்ல செவித்திறன் உடைய 80 பேரை ஒவ்வொருவராக ஓசை புகாத அறையில் அமர்த்தி, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்டதாக எழுதினர். ஆக, நிசப்தத்தில் எல்லோருடைய காதும் சற்று இரையும். நமக்கும் நோயுற்றவருக்கும் உள்ள வேற்றுமை அளவில் மட்டுமன்று, அதைப் பற்றிய அச்சத்திலும் இருக்கிறது. வீட்டுக் கடிகாரம் அடிப்பதை நாம் கேட்பதில்லை, ஏனென்றால் அதனால் ஆபத்தில்லை என்று மூளைக்குத் தெரியும். ஆபத்து என்று முத்திரை குத்திய ஒலியை மூளை விடாது. கேட்கக் கேட்கப் பயம், பயப்படப் பயப்படக் கேட்பு. 1990-இல் ஜாஸ்ட்ரெபாஃப் வகுத்த விளக்கம் இதுவே.

இதிலிருந்துதான் வாழும் வழி பிறக்கிறது. காதிரைச்சலை அடியோடு போக்கும் மாத்திரை இன்றுவரை இல்லை; இருக்கிறது என்று விளம்பரம் செய்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம். அச்சத்தையும் துயரத்தையும் குறைப்பதில் நல்ல சான்று பெற்றது மனப்பயிற்சி சார்ந்த பேச்சுச் சிகிச்சை. கேட்கும் திறன் குறைந்தவர்க்குக் காது கேட்கும் கருவி இரட்டைப் பயன் தரும். வெளியோசை உள்ளே வரவர உள்ளோசை பின்னுக்குப் போகிறது. தூங்கும் அறையில் முழு நிசப்தம் நல்லதன்று. மெல்லிய ஓசை ஏதாவது இருக்க வேண்டும். தாழ்ந்த முழக்கக்காரருக்கு இதிலும் ஒரு சங்கடம். தாழ்ந்த ஒலி உயர்ந்ததை எளிதில் மறைத்துவிடும். உயர்ந்த ஒலி தாழ்ந்ததை மறைப்பது அரிது. மோட்டார் சத்தத்தில் குயில் கூவுவது கேட்காது. குயில் கூவி மோட்டாரை அடக்க முடியுமா? ஆகவே மின்விசிறி, மழை, அருவி போன்ற கனத்த ஓசைகள்தாம் இவர்களில் சிலருக்கு உதவுகின்றன. அப்பாருவின் கட்டிலருகே மேசை விசிறி ஒன்று மார்கழியிலும் சுவரைப் பார்த்துச் சுற்றுகிறது. வானொலி மெல்லப் பாடுகிறது. ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றும் மருத்துவர் சொற்படி குறைந்துவிட்டன. இதில்தான் அவருக்கு மிகுந்த வருத்தம். தலைசுற்றல் அநேகமாக நின்றுவிட்டது. முழக்கம் நிற்கவில்லை. “இருக்குது, ஆனா அது பாட்டுக்கு இருக்குது” என்கிறார். பக்கத்துத் தோட்டத்துக்காரர் தம் மோட்டாரை உண்மையாகவே போடும் நாட்களில் அவருக்கு ஐயம் வந்துவிடும். “அம்மிணி, இப்ப ஓடறது நெச மோட்டாரா?” என்று பேத்தியைக் கேட்பார். “நெசந்தானுங்க அப்பாரு” என்பாள் அவள். முன்பு இதைக் கேட்கக் கூச்சப்பட்டவர், இப்போது சிரித்துக்கொண்டே கேட்கிறார்.

வீட்டில் இத்தகையவர் இருந்தால் நாம் செய்யக் கூடியவை சிறியவை. “எல்லாம் உங்கள் மனசுதான்” என்று சொல்லாதிருத்தல்; நன்றாகக் கேட்கும் காதின் பக்கமாக அமர்ந்து முகம் பார்த்துப் பேசுதல்; ஐந்து நிமிடத்துக்கொரு முறை “இப்போது கேட்கிறதா?” என்று விசாரிக்காதிருத்தல். கேட்டால் அவர் கவனம் மீண்டும் அங்கேதானே போகும்?

நம் காதுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒவ்வொரு காதிலும் ஏறக்குறைய 15,000 மயிர்ச் செல்கள் பிறவியிலேயே அமைகின்றன. இறந்தவை மீண்டும் முளைப்பதில்லை. இயர்போனில் பாட்டுக் கேட்பவர்கள் 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஒலியைக் கூட்டினால் நேரத்தை வெகுவாகக் குறைக்க வேண்டும். ஹேர்பின், ஊக்கு, கோழியிறகு எதையும் காதில் விடலாகாது. காய்ச்சிய எண்ணெய் ஊற்றுவதும் வேண்டாம், பாட்டிமார் மன்னிக்க.

காதிரைச்சல் பெரும்பாலும் உயிருக்குத் தீங்கற்றது. ஆயினும் சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு காதில் திடீரென்று கேட்கும் திறன் குறைந்தால் அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் செல்ல வேண்டும். சிகிச்சை எவ்வளவு முந்தித் தொடங்குகிறதோ அவ்வளவு பயன், இரண்டு வாரம் கடந்தால் பலன் வெகுவாகக் குறையும். நாடித் துடிப்போடு சேர்ந்து ‘தொம் தொம்’ என்று கேட்டாலும், ஒரே காதில் மட்டும் நீடித்தாலும், தலைசுற்றலோ முகத்தில் தளர்ச்சியோ சேர்ந்தாலும் காட்டியே ஆக வேண்டும். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவு உண்டு. கேட்டல், பேச்சுக் குறைகளுக்கென்றே 1965-இல் மைசூரில் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனமும் நமக்கு எட்டாத தூரமன்று. சத்தியமங்கலம், திம்பம் வழியாகப் பேருந்தில் போய்ச் சேரலாம்.